கழுவிக் கொடுத்த எச்சில்

எங்கள் ஊர் கோணம்பட்டிக்கு டிக்கெட் கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் முதலில் சிரிப்பார், அப்புறம்தான் டிக்கெட் கிழிப்பார். நாங்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. முட்டாள்கள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். யாராவது ஒன்று சொன்னால் சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவோம். அதற்கு மேலும் யோசிக்க வேண்டுமென்றால், கூடி உட்கார்ந்து, பொறுமையாகப் பேசி, நாலு பக்கமும் அலசிப் பார்த்து, அதன் பிறகு இன்னும் மோசமாகச் செய்வோம்.

ஊர்க் கடைத்தெருவில் ஒரு தையல்கடை. முதலாளி நல்லதம்பி. துணி வெட்டுவதும் அவர், அளவெடுப்பதும் அவர், கடையில் எல்லாருக்கும் சேர்த்து யோசிப்பதும் அவர். மிஷினில் உட்காருகிறவர்கள் பொன்னரும் வீரமலையும். காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது எல்லாம் சோலையன்.

இவர்கள் தொழில் எப்படி என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஒரு அம்மா பையனைக் கூட்டி வந்து, "வளர்ற புள்ளைங்க, கால்சட்டைய கொஞ்சம் பெரிசா வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நால்வரும் யோசித்தார்கள். பிள்ளை எவ்வளவு வளர்வான்? அப்பன் அளவுக்குத்தானே வளர்வான். ஆள் அனுப்பி அப்பனை வரவழைத்து, அவருக்கு அளவெடுத்து, பையனுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கால்சட்டையை இன்றைக்கும் அப்பன்தான் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறார். தையல் கெட்டி என்று நல்ல பேர்.

இந்தக் கதை வீரமலையின் வாயைப் பற்றியது. அவன் நல்லதம்பியின் அக்கா மகன். தாய் தகப்பன் இல்லை, மாமன்தான் எல்லாம். அடக்கமான பையன். குறை என்று பார்த்தால் வாய்க்குள்தான் இருந்தது. காலையில் பல் துலக்கினால் ஈறிலிருந்து ரத்தம் வரும். மேல்வரிசையில் முன்பல் இரண்டும், ஒற்றை நூலில் தொங்கும் பொத்தான் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

ஆடினால் ஆடட்டும் என்று விட்டிருப்பான். ஆனால் அவன் மனசு போய் உட்கார்ந்த இடம் ஒரு முறுக்குக்கடை. பக்கத்து ஊர் சந்தைப்பேட்டையில் ராக்கப்பன் என்பவர் கைமுறுக்குச் சுற்றி விற்றுக்கொண்டிருந்தார். கடையில் நின்று வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டது அவர் மகள் பவளம். நூல் வாங்கப் போகிறேன் என்று வாரா வாரம் போய், வீரமலை முறுக்கு வாங்கி வருவான். அவனால் கடிக்க முடியாது. கடையில் மற்ற மூவரும் தின்று தீர்ப்பார்கள். ஒருநாள் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பவளம் பார்த்துவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து அவனுக்கு மட்டும் முறுக்கைப் பொடியாக நொறுக்கிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். முதல் பொட்டலம் வாங்கி வந்த அன்றைக்கு அவன் தைத்த சட்டைக்கு இரண்டு கையும் ஒரே பக்கம் விழுந்திருந்தன.

சட்டையைப் பார்த்த நல்லதம்பிக்கு விஷயம் புரிந்தது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்ப் பெண் கேட்டார். ராக்கப்பன் முடியாது என்று சொல்லவில்லை.

"பையனப் பத்தி விசாரிச்சேன். நல்ல பையன்தான்" என்றார். "ஆனா எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. பேசி முடிக்க வர்ற அன்னிக்கு, மாப்பிள்ளை எங்க கைமுறுக்க முன்பல்லால கடிக்கணும். கடிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்கணும். என் அத்தை மாப்பிள்ளை கடிச்சாரு, என் தங்கச்சி மாப்பிள்ளை கடிச்சாரு. அடுப்படியில கேட்டுச்சுன்னா உடனே தாம்பூலம் மாத்திக்கலாம். முறுக்கு வித்துப் பொழைக்கிற வீடு. கடிக்க முடியாத ஆளுக்குப் பொண்ணக் குடுத்தா ஊரு சிரிக்கும்."

நல்லதம்பி வந்து சொன்னதும் வீரமலை நாக்கால் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தான். அது அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத மாப்ள" என்றான் சோலையன். "ஆடுற பொத்தான என்ன பண்ணுவோம்? நூலக் கோத்து நாலு சுத்து சுத்தி இறுக்குவோம். வாயத் தொற." அவன் ஊசியோடு கிட்டே வந்தான். நல்லதம்பிதான் தடுத்தார். பல்லில் ஓட்டை இல்லாமல் எப்படிப் பொத்தான் தைக்க முடியும் என்று அவருக்குச் சந்தேகம்.

நல்லவேளையாக அந்தச் சமயத்தில் டவுன் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முகாம் வந்தது. டாக்டர் மெஹருன்னிசா என்று சின்ன வயசு டாக்டரம்மா. வீரமலையின் வாயை விளக்குப் போட்டுப் பார்த்தார். மற்ற மூவரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"ஈறு நல்லா வீங்கியிருக்கு. காலேஜுக்கு வாங்க, வைத்தியம் பண்ணிரலாம்" என்றார் டாக்டர். "வரும்போது உங்க எச்சில் கொண்டுவாங்க. டெஸ்ட் பண்ணணும்."

"வாயத் தொறந்து பாத்தீங்களேம்மா, அப்புறம் எச்சில் எதுக்குங்க?" என்று கேட்டார் நல்லதம்பி.

"பாத்தா வீக்கம் தெரியும். நோயோட அடையாளம் எச்சில்லயும் கலந்திருக்கும். இப்ப ஒரு தடவை பாத்துக்குறோம். வைத்தியம் முடிஞ்சு இன்னொரு தடவை பாத்தா, குறைஞ்சிருக்கா கூடியிருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்கலாம்." சொல்லிவிட்டு, மூடி போட்ட ஒரு சின்னக் குப்பியை வீரமலை கையில் கொடுத்தார். குப்பியில் ஒரு கோடு போட்டிருந்தது. "காலையில தூங்கி எழுந்ததும் எடுக்கணும். பல் துலக்கக்கூடாது, எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. காறித் துப்ப வேண்டாம். தானா ஊறுறத வழிய விடுங்க, இந்தக் கோடு வரைக்கும். நுரை கணக்கில்ல. எடுத்துக் குளிர்ச்சியா வச்சு அன்னிக்கே கொண்டாந்திருங்க."

நால்வரும் இதை அங்கேயே நின்று திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் எதிரே வந்தவர்களிடம்கூடப் பேசவில்லை, மறந்துபோகுமே என்று பயம்.

அன்றிலிருந்து கடையில் வீரமலையின் எச்சிலுக்குத் தனி மரியாதை. தையல்காரன் நூலை ஊசியில் கோர்ப்பதற்கு முன்னால் நுனியை எச்சில் தொட்டு முறுக்குவான். இனி வீரமலை அப்படிச் செய்யக்கூடாது என்று நல்லதம்பி கட்டளையிட்டார். டவுன் காலேஜே கேட்கிற பொருளை நூலுக்குச் செலவழிக்கலாமா? அவன் நூலையும் சேர்த்துப் பொன்னர் தொட்டுக் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் பொன்னருக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

முதல் நாள் காலையில் மூன்று பேரும் வீரமலை வீட்டில் ஆஜரானார்கள். அவன் பாயில் உட்கார்ந்திருந்தான், கண் ரெண்டும் சிவந்திருந்தது.

"எழுந்துட்டியா?" என்று கேட்டார் நல்லதம்பி.

"தூக்கமே வரல மாமா. பல்லையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சிக்கலாப் போச்சே" என்றார் நல்லதம்பி. "தூங்கி எழுந்ததும்னு சொன்னாங்க. இவன் தூங்கவே இல்ல. தூங்காதவன் எப்படி எழுந்திரிப்பான்?"

"இப்பத் தூங்கவச்சு எழுப்பினா?" என்றான் பொன்னர்.

கடைக்குக் கூட்டிப்போய், துணி வெட்டும் மேஜையில் படுக்கவைத்தார்கள். மிஷின்களை நிறுத்தினார்கள். சோலையன் தாலாட்டுப் பாடினான். அவன் குரல் அப்படியொன்றும் மோசமில்லை; எதிர்க்கடை மளிகைக்காரர் கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார். துணி வாங்க வந்த இரண்டு பேர் பெஞ்சில் தூங்கிப்போனார்கள். நல்லதம்பியும் பொன்னரும் மிஷின் மேல் தலை வைத்துப் படுத்தார்கள். கடைசியில் பாடிய களைப்பில் சோலையனும் கண்ணயர்ந்தான். வீரமலை மட்டும் விழித்துக்கொண்டு, உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தான். யாராவது எழுந்து தன்னை எழுப்புவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தான்.

இரண்டாம் நாள் நன்றாகத் தூங்கி எழுந்தான். இப்போது வேறு சங்கடம். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கு எச்சில் ஊறும்? குப்பியை உதட்டருகே வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"புளிய நாக்குல வச்சா ஊறும்" என்றான் சோலையன்.

"எதுவும் சாப்பிடக்கூடாதுன்னாங்க" என்றார் நல்லதம்பி.

"அவன்தானே சாப்பிடக்கூடாது. நம்ம சாப்பிடக்கூடாதுன்னு சொல்லலியே."

இதில் ஒரு நியாயம் இருந்தது. மாங்காய் வாங்கி வந்து, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, மூவரும் வீரமலைக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் வரச் சப்பிச் சப்பித் தின்றார்கள். வீரமலையின் கண் விரிந்தது, கன்னம் இழுத்தது, வாய் நிறைய எச்சில் ஊறியது. பழக்கதோஷத்தில் மடக்கென்று விழுங்கிவிட்டான்.

"என்னடா பண்ணுன?"

"முழுங்கிட்டேன் மாமா."

நல்லதம்பி மாங்காயைக் கீழே வைத்தார். "இப்ப ஒரு கேள்வி வருது. எதுவும் சாப்பிடாம இருக்கணும்னாங்க. இவன் எச்சில முழுங்கிட்டான். இது சாப்பாட்டுல சேருமா சேராதா?"

"வாய்க்குள்ள போனாத்தான் சாப்பாடு. இது உள்ளயேதான் இருந்துச்சு" என்றான் பொன்னர்.

"வயித்துக்குள்ள போச்சா இல்லையா?"

"போச்சு."

"அப்ப சாப்பாடுதான்."

"சாப்பாடுன்னே வச்சுக்குவோம்" என்றான் சோலையன். "ஆனா தண்ணியா இருந்துச்சு. அதனால குடிச்சான்னும் சொல்லலாம். ரெண்டையும் மீறிட்டான்."

அன்றைய காலையும் வீணாகப் போயிற்று. பசியோடு இருந்த வீரமலைக்கு மாங்காயில் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் சோலையன் ஒரு தந்திரம் செய்தான். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீரமலையின் காதோரம் மெதுவாகப் பேசினான். "பவளம் அடுப்பு முன்னாடி உக்காந்திருக்கு. மாவுல வெண்ணெய் போட்டுப் பிசையிது. ஓமம் போடுது, எள்ளு போடுது. கையாலயே சுத்துது. எண்ணெயில போடுது. சலசலன்னு சத்தம் கேக்குதா? பொன்னிறமா மேல வருது பாரு. எடுத்து வடிதட்டுல வைக்கிது. ஒனக்காக ஒண்ணு நொறுக்குது."

வீரமலை குனிந்தபடியே இருந்தான். எச்சில் இழை பிடித்து வழிந்தது. முகத்தில் ஒரு புன்னகை, கண்ணோரத்தில் ஈரம். பார்க்க அவ்வளவு அழகாக இல்லை; ஆனால் காதலிக்கிறவன் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். குப்பி கோடு வரை வந்தது.

"நுரை இருக்கு" என்றார் நல்லதம்பி. பொன்னர் பதினாறாம் நம்பர் ஊசியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழிகளை ஒவ்வொன்றாகக் குத்தி உடைத்தான்.

அடுத்தது குளிர்ச்சி. ஐஸ்பெட்டிக்காரரிடம் கேட்டதற்கு அவர் குப்பிக்குள் இருப்பது என்ன என்று விசாரித்துவிட்டு சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விட்டார். ஆகவே ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பி, குப்பியின் கழுத்தில் நூலைக் கட்டிப் பானைக்குள் தொங்கவிட்டார்கள். பானையை மடியில் வைத்துக்கொண்டு நால்வரும் டவுன் பஸ் ஏறினார்கள். வெயில் கொளுத்தியது. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் பானையைப் பார்த்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

"தாராளமா குடிங்கய்யா" என்றார் நல்லதம்பி. தண்ணீர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத ஊர் எங்களுடையது. "கீழ பையனோட எச்சில் கெடக்கு. அசையாம மேலாப்ல மொண்டுக்கங்க."

பெரியவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

காலேஜ் வாசலில் நல்லதம்பி பானையை இறக்கி, நூலைப் பிடித்துக் குப்பியை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"ஒரு பெரிய தப்பு பண்ண இருந்தோம்" என்றார்.

"என்ன மாமா?"

"உள்ள இருக்குறது யாரு? எவ்வளவு படிச்ச அம்மா. மரியாதையா வாங்கய்யா போங்கய்யான்னு பேசுனாங்க. அவங்க குடுத்த பாத்திரத்த, எச்சிலும் அதுவுமா அப்படியேவா நீட்டுறது? நம்ம வீட்டுல ஒரு தம்ளர் எரவல் வாங்குனாக்கூடக் கழுவிக் கவுத்துத்தானே குடுப்போம்."

மூவருக்கும் சுருக்கென்றது. பட்டிக்காட்டான் என்று டாக்டரம்மா நினைத்திருப்பாரே. ஓரத்தில் குழாய் இருந்தது. சோலையன் ஓடிப்போய் சோப்பு வாங்கி வந்தான். மூடியைத் திறந்து, கவிழ்த்து, விரல் போகாத இடத்துக்குத் துணியை முறுக்கி விட்டுத் தேய்த்து, இரண்டு தண்ணீர் விட்டு அலசினார்கள். வீரமலையே தன் சட்டை நுனியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினான். மனசுக்கு நிறைவாக இருந்தது.

டாக்டர் குப்பியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "எச்சில் எங்கே?"

"கழுவிட்டோம்மா" என்றார் நல்லதம்பி பணிவாக. "ஒரு சொட்டு இருக்காது. நீங்க தாராளமா தொடலாம்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "காலையிலருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க" என்றான் வீரமலை. "பல்லும் துலக்கல. மொத நாள்லருந்தே துலக்கல. சாப்பாடு மட்டும் மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் தின்னுக்குவேன். துலக்கலாம்னு நீங்க இன்னும் சொல்லலீங்களே."

"நீங்க மூணு பேரு?"

"நாங்களும் துலக்கல" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். "அவன் மட்டும் கஷ்டப்படலாமா?"

டாக்டர் ஓர் அடி பின்னால் போய் நின்று, முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு, புதுக் குப்பி ஒன்றை நீட்டினார். அங்கேயே உட்கார்ந்து எடுக்கச் சொன்னார். சோலையன் மறுபடியும் மாவு பிசைந்து, எள் போட்டு, முறுக்குச் சுட்டான். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ஓரமாக நின்று கேட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

சோதனை முடிந்தது. ஈறு நோய் இருக்கிறது, ஆனால் கைமீறிப் போகவில்லை, பல் பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். பல்லைச் சுத்தம் பண்ணி, ஈறுக்கு வைத்தியம் செய்து, எப்படித் துலக்குவது என்று காட்டிக் கொடுத்தார். "அடுத்த மாசம் மறுபடி எச்சில் கொண்டாங்க. கழுவாம கொண்டாங்க. அதைப் பாத்துட்டு நான் சொல்ற வரைக்கும் முன்பல்லால கெட்டியா எதையும் கடிக்கக்கூடாது. கடிச்சா பல்லு கையில வந்துரும்." சொல்லிவிட்டு ஒரு தேதி குறித்து, வேறொரு குப்பியும் கொடுத்தார். கழுவிய குப்பியை நல்லதம்பி கையோடு எடுத்துக்கொண்டார்.

ராக்கப்பன் நல்ல நாள் பார்த்துச் சொல்லியனுப்பிய தேதியும் அதுவேதான். டாக்டரிடம் ஒரு நாள் தள்ளிக் கேட்கலாம், ராக்கப்பனிடம் ஒரு வாரம் தள்ளிக் கேட்கலாம். உங்களுக்கு இது உடனே தோன்றுகிறது. எங்களுக்கு இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அந்த நாளும் வந்தது. காலையில் எழுந்து கோடு வரை எச்சில் பிடித்து, பானைக்குள் தொங்கவிட்டு, முதலில் பெண் வீடு, அங்கிருந்து அப்படியே காலேஜ் என்று கிளம்பினார்கள். நால்வரும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். வீரமலையின் சட்டைக்கு இந்தத் தடவை கை இரண்டும் சரியான இடத்தில் இருந்தன. பெண் வீட்டு வாசலில் பானையைப் பார்த்த சொந்தக்காரப் பெண்கள் சீர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, கூடத்தில் விளக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

பேச்செல்லாம் பேசி முடிந்ததும் ராக்கப்பன் தட்டில் ஒரு கைமுறுக்கைக் கொண்டுவந்து வைத்தார். ஏழு சுற்று முறுக்கு. அடுப்படியில் பேச்சு நின்றது. சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக மின்விசிறியை நிறுத்தினார்கள். பொன்னர் தன் பங்குக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பெண்டுலத்தைக் கையில் பிடித்துக்கொண்டான்.

வீரமலை முறுக்கைக் கையில் எடுத்தான். கடித்தால் பல் போகும், கடிக்காவிட்டால் பவளம் போவாள். அடுப்படி வாசலில் தொங்கிய திரையைப் பார்த்தான். திரைக்குக் கீழே ஒரு ஜோடி கால் அசையாமல் நின்றது.

"மாமா" என்றான் ராக்கப்பனிடம். "என்னால கடிக்க முடியாது. பல்லு ஆடுது. டாக்டரம்மா கடிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பொய் சொல்லிப் பொண்ணு கட்ட எனக்கு மனசு வரல."

ராக்கப்பனின் முகம் தொங்கிப்போனது. அவருக்கும் பையனைப் பிடித்திருந்தது.

நல்லதம்பி எழுந்தார். "சம்பந்தி, கொஞ்சம் பொறுங்க. பல்லப் பத்தி நீங்களும் நானும் என்ன கண்டோம்? டவுன் காலேஜ்லயே பல்லோட யோக்கியதைய எச்சில வச்சுத்தான் சொல்றாங்க." விளக்குப் பக்கத்திலிருந்த பானைக்குள் கை விட்டு, நூலைப் பிடித்துக் குப்பியை மேலே இழுத்தார். "இதான் பையனோட எச்சில். பல்லுல உள்ளதெல்லாம் இதுல இருக்காம்."

ராக்கப்பன் அதை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நாங்கள் மட்டும்தான் யோசிக்கிறவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தோம். அந்த மனிதர் யோசித்த விதத்தைப் பார்த்தபோது, இது பொருத்தமான சம்பந்தம்தான் என்று நல்லதம்பிக்குப் பட்டது.

"பல்லுல உள்ளதெல்லாம் இதுல இருக்கா?" என்று கேட்டார் ராக்கப்பன்.

"இருக்கு."

"டாக்டரே சொன்னாங்களா?"

"அவங்கதான் சொன்னாங்க."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார் ராக்கப்பன். "இதுவே கடிக்கட்டும்."

முறுக்கில் ஒரு துண்டை ஒடித்து, மூடியைத் திறந்து, குப்பிக்குள் போட்டார். எல்லாரும் குனிந்து குப்பியருகே காதை வைத்தார்கள். சோலையன் தரையிலேயே படுத்துவிட்டான். முறுக்கு மெல்ல ஊறியது. ஊறி உப்பியது. ஒரு எள் பிரிந்து மேலே வந்து மிதந்தது.

வெகுநேரம் கழித்து ராக்கப்பன் நிமிர்ந்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார் வருத்தமாக.

"எனக்கும் கேக்கல" என்றார் நல்லதம்பி. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். பொன்னருக்கும் கேட்கவில்லை, சோலையனுக்கும் கேட்கவில்லை. வீரமலை தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் புதுச் சட்டையில் விழுந்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பவளத்தின் குரல் வந்தது.

"எனக்குக் கேட்டுச்சுப்பா."

ராக்கப்பன் திரும்பினார். "அடுப்படிக்கே கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு. நறுக்குன்னு."

வழக்கம் என்றால் வழக்கம்தான். கூடத்தில் கேட்க வேண்டும் என்று எந்தக் காலத்திலும் யாரும் சொன்னதில்லை; அடுப்படியில் கேட்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தாம்பூலம் மாற்றினார்கள். வீரமலை சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தான். பொன்னர் கடிகாரத்தை மாட்டினான், தலைகீழாக.

காலேஜில் டாக்டரம்மா குப்பியை வாங்கி, உள்ளே மிதந்த எள்ளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இவர்கள் பதில் சொல்வார்கள் என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. வேறு குப்பி கொடுத்து அங்கேயே எடுக்கவைத்தார். நோய் நன்றாகக் குறைந்திருக்கிறது, இன்னும் சில மாதத்தில் முறுக்கே கடிக்கலாம் என்று சோதனை சொன்னது. கல்யாணத்துக்கு டாக்டரம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ராக்கப்பனுக்குத்தான் அன்றையிலிருந்து நிம்மதி போயிற்று. அடுப்படியில் நின்ற மகளுக்குக் கேட்ட சத்தம், குப்பியில் காதை வைத்திருந்த தனக்குக் கேட்கவில்லையே என்று வீரமலையைக் கூப்பிட்டுக் கவலைப்பட்டார். காது போய்விட்டதா? காதுக்கும் எச்சிலில் பார்ப்பார்களா? வீரமலை மாமனிடம் கேட்டான். நல்லதம்பி கண்ணாடியில் தன் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, வாய்க்கும் காதுக்கும் நடுவில் கன்னம் ஒன்றுதான் இருக்கிறது, கட்டாயம் பார்ப்பார்கள் என்றார்.

மறுநாள் காலையில் ராக்கப்பன் பல் துலக்காமல், பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல், முதல் தடவை கழுவி, நல்லதம்பி எடுத்து வைத்திருந்து கொடுத்த அந்தப் பழைய குப்பியில் கோடு வரை எச்சில் பிடித்து, பானைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். வழியனுப்பப் போயிருந்த நல்லதம்பி, பஸ் நகர்கிற சமயத்தில் ஜன்னலோரம் ஓடிக்கொண்டே சொன்னார்:

"சம்பந்தி, டாக்டரம்மா கையில குடுக்குறதுக்கு முன்னாடி நல்லாக் கழுவிருங்க. வாசல்லயே கொழா இருக்கு."